கேழ்வரகும் அரசுச் சின்னமும்

நிலத்தை வகுத்து அறிதல் தமிழரின் பழைய வழக்கம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பகுத்த நம் முன்னோர், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களையும் எண்ணி வைத்தனர். அவற்றைக் கருப்பொருள் என்பர். தொல்காப்பியனார் கருப்பொருள்களை வரிசைப்படுத்துமிடத்துத் தெய்வத்தை முதலில் வைத்தார். தெய்வத்துக்கு அடுத்தபடியாக உணவை வைத்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் உணவுக்குப் பின்னரே வருகின்றன. பின்வந்த உரையாசிரியர்கள் இதனை விரித்து, குறிஞ்சிக்குத் தினையும் ஐவன நெல்லும் மூங்கிலரிசியும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் என்று பங்கிட்டு உரைத்தனர். பாலை நிலத்துக்கு என்ன உணவு கொடுப்பது என்று அவர்கள் திகைக்கவில்லை. வழிப்பறி செய்தும் ஊரைச் சூறையாடியும் கொண்ட பொருளே அங்கு உணவு என்று எழுதிவிட்டனர்!

இக்காலத்து அரசாங்கங்களும் ஒரு வகையில் கருப்பொருள் வகுக்கின்றன. தமிழ்நாட்டுக்கு வரையாடு அரசு விலங்கு. மரகதப்புறா அரசுப் பறவை. செங்காந்தள் அரசு மலர். பனை அரசு மரம். பலா அரசுப் பழம். 2019ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் பட்டாம்பூச்சியும் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டது. விலங்கும் மரமும் பறவையும் தொல்காப்பியனார் காலத்திலிருந்தே பட்டியலில் இருப்பவை. அவர் இரண்டாவதாக வைத்த உணவு மட்டும் நம் அரசுச் சின்னங்களுள் இடம் பெறவில்லை. பலா உண்ணும் பொருள்தானே என்று சிலர் கேட்கலாம். பலாச்சுளை விருந்துக்கு இனியது. நாள்தோறும் வயலுக்குப் போகிறவன் பசிக்கு உண்ணும் உணவு அன்று.

உணவைச் சின்னமாக்கும் வழக்கம் பிற நாடுகளில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல மாநிலங்கள் தத்தம் சட்டமன்றத்தின் வாயிலாக இவ்வாறு செய்துகொள்கின்றன. மின்னசோட்டா மாநிலத்தில் 1988ஆம் ஆண்டில் புளூபெர்ரி என்னும் சிறு கனி சேர்த்துச் சுட்ட மஃபின் என்ற பண்டம் மாநிலப் பண்டமாக அறிவிக்கப்பட்டது. அதனை வேண்டியவர்கள் கார்ல்ட்டன் என்னும் ஊரில் மூன்றாம் வகுப்புப் படித்த சிறுவர் சிறுமியர். சட்டம் எவ்வாறு பிறக்கிறது என்பதை அப்பிள்ளைகள் அதன் வழியே கற்றனர். அதே ஆண்டில் ஓக்லஹோமா மாநிலம் ஒரு பண்டத்தோடு நில்லாது ஒரு முழு விருந்தையே அறிவித்துவிட்டது. பொரித்த வெண்டைக்காயும் சோள ரொட்டியும் பன்றியிறைச்சியும் ஸ்ட்ராபெர்ரிப் பழமும் பிறவும் அதில் அடங்கும். அத்தனையையும் ஒரே வேளையில் உண்ணவல்லார் அம்மாநிலத்திலும் சிலரே இருப்பர்.

நம் நாட்டில் இம்முயற்சி எளிதில் கைகூடவில்லை. 2017ஆம் ஆண்டின் இறுதியில், அரிசியும் பருப்பும் கலந்து சமைக்கும் கிச்சடி இந்தியாவின் தேசிய உணவாகப் போகிறது என்று ஒரு செய்தி நாடெங்கும் பரவிற்று. உடனே எதிர்ப்பு எழுந்தது. எங்கள் பிரியாணி எங்கே, எங்கள் இட்டலி எங்கே என்று ஒவ்வொரு மாநிலத்தாரும் வினவினர். அப்போது உணவு பதப்படுத்துதல் துறையின் மத்திய அமைச்சராக இருந்த ஹர்சிம்ரத் கௌர் பாதல், அப்படி எந்த முடிவும் இல்லை என்றும், தில்லியில் நடக்கும் உலக உணவு விழாவில் பெருமளவு கிச்சடி சமைத்து உலகச் சாதனை செய்வதே நோக்கம் என்றும் விளக்கினார். நவம்பர் 4ஆம் நாள் 918 கிலோ கிச்சடி சமைக்கப்பட்டது; சாதனையும் ஆயிற்று; பூசல் அடங்கிற்று.

இப்பூசலில் ஓர் உண்மை உண்டு. பல நிலங்களைக் கொண்ட நாட்டுக்கு ஒரே உணவைப் பெயரிட முயன்றால் எஞ்சிய நிலத்தார் யாவரும் வருந்துவர். தமிழ்நாட்டுக்கே ஓர் உணவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தஞ்சையார் நெற்சோற்றைச் சொல்வர். கடற்கரையார் மீனைச் சொல்வர். பிறரும் தத்தம் ஊர்ப் பண்டத்தை முன்வைப்பர். தொல்காப்பியர் காட்டிய நெறியோ நிலத்துக்கு நிலம் உணவை வேறுபடுத்துவது. அந்நெறியில் நின்று பார்த்தால், தருமபுரி மாவட்டத்தின் உணவு எது என்னும் வினாவுக்கு விடை காணப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. அது கேழ்வரகு, கேழ்வரகினால் ஆக்கிய களி.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டதும், ஔவையாருக்கு அவன் நெல்லிக்கனி ஈந்ததும் இந்நாட்டுச் செய்திகள். அவனுடைய முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். ஆகவே, புறத்திலிருந்து வந்த பயிரை ஏற்று வளர்ப்பது தகடூருக்குப் புதிதன்று. கேழ்வரகும் அவ்வாறு வந்ததே. அதன் பிறப்பிடம் எத்தியோப்பியா, உகாண்டா முதலிய கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்கள் என்பது பயிர்நூலார் முடிவு. மிகப் பழங்காலத்திலேயே அது தென்னிந்தியாவை அடைந்து, ஒருவரும் அயலது என்று எண்ணாத அளவுக்கு இம்மண்ணோடு ஒன்றிவிட்டது. ராகி என்றும் கேப்பை என்றும் ஆரியம் என்றும் இடத்துக்கு இடம் அதற்குப் பெயர் வேறு.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருட்டினகிரி அதனின்றும் பிரிந்தது. ஒகேனக்கல்லில் காவிரி பேரோசையுடன் பாய்ந்தாலும், மாவட்டத்தின் பெரும்பகுதி நிலம் அந்நீர் ஏறமுடியாத மேட்டு நிலம். பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி, காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய வட்டங்களில் எங்கு நோக்கினும் குன்றும் செம்மண்ணும் புன்செய்க் காடுமே மிகுதி. குறிஞ்சியும் முல்லையும் கலந்த இந்நிலத்தில் நெல்லுக்கு வேண்டிய நீர் இல்லை. கேழ்வரகுக்கு அத்துணை நீர் வேண்டா. ஆடியில் மழை பெய்தால் விதைக்கலாம். இடையில் இரண்டு வாரம் வானம் பொய்த்தாலும் பயிர் வாடித் தலைசாய்ந்து, மறு மழையில் எழுந்து நிற்கும். நான்கு திங்களுக்குள் கதிர் முற்றும். கதிரின் கிளைகள் உள்ளங்கையை நோக்கி மடங்கிய விரல்களைப் போலத் தோன்றும். ஊடே அவரையை விதைப்பர். ஆகவே களியும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் அவரைக்காய்க் குழம்பும் ஒரே காட்டில் விளைகின்றன. அறுத்த பின் எஞ்சும் தாள் மாட்டுக்கு நல்ல தீவனம்.

களி ஆக்கும் முறையை அறியாத மாணவர் பொருட்டு அதனைச் சிறிது கூறுவோம். பானையில் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு பிடி நொய்யரிசியை இட்டுக் குழைய வேகவிடுவர். பின்பு கேழ்வரகு மாவை நடுவிற் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடிச் சிறிது நேரம் அவிய விடுவர். மாவு வெந்ததும் பானையை இறக்கி அசையாமற் பிடித்துக்கொண்டு, மரத்துடுப்பால் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். இதற்குத் தோள்வலிமை வேண்டும், விரைவும் வேண்டும். கிளறிய களியை நீர் தொட்ட கையால் உருண்டையாக உருட்டி வைப்பர். உண்பவர் அதனைக் கிள்ளி, கீரைக் கடைசலிலோ கொள்ளுச் சாற்றிலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்குவர். மென்றால் பல்லில் ஒட்டும். புதியவர் அனைவரும் முதல் நாள் இதனை அறிந்துகொள்வர். இரவில் மிஞ்சிய உருண்டையை நீரில் இட்டு வைத்தால், காலையில் அது மோருடன் கரைந்து கூழாகும். காலையில் கூழ் குடித்து ஏர்பூட்டப் போனவன் உச்சிப்பொழுது வரை பசி அறியான்.

பசி தாங்குவதற்குக் காரணம் உண்டு. கேழ்வரகின் நார்ச்சத்து அதனை மெல்லச் செரிக்கச் செய்கிறது. மேலும், 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லி கிராம் அளவே உண்டு. பசும்பாலிலும் சுமார் 120 மில்லி கிராம்தான். எலும்பும் பல்லும் வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு இதனினும் மலிவான துணை வேறில்லை.

இத்துணைச் சிறப்பிருந்தும் கேழ்வரகு நெல்லுக்குக் கீழ்ப்பட்டதாகவே கருதப்பட்டு வந்தது. இவ்விழிவை எதிர்த்து வழக்காடிய ஒரு நூல் நம் அண்டை மொழியில் உண்டு. தருமபுரி கன்னட நாட்டை ஒட்டியிருப்பதால் அதனை இங்கு அறிவது பொருத்தம். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர் என்னும் கன்னட அடியார் இராமதானிய சரிதை என்றொரு காவியம் இயற்றினார். இலங்கையை வென்று திரும்பும் இராமன் முனிவர் ஆசிரமத்தில் தங்குகிறான். பல தானியங்களால் ஆன உணவுகள் படைக்கப்படுகின்றன. இவற்றுள் சிறந்தது எது என்று அவன் வினவ, கௌதம முனிவர் கேழ்வரகைச் சுட்டுகிறார். நெல் சினந்து எழுகிறது. அந்தணர் வேள்விக்கும் அரசர் விருந்துக்கும் உரிய தன்னை விட்டு, எளியோர் உண்ணும் தானியத்தை உயர்த்துவதா என்று அது கேட்கிறது. கேழ்வரகு வாளாவிருக்கவில்லை. செல்வரையே நாடி வறியோரைப் புறக்கணிப்பவன் நீ. மழை பொய்த்த நாளில் உலகத்தை ஊட்டுபவன் நான் என்று மறுமொழி கூறுகிறது. இரண்டும் ஏசிக்கொள்ளும் பகுதியே காவியத்தின் சுவை மிக்க பகுதி.

இராமன் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்குமாறு பணிக்கிறான். தவணை முடிந்து சிறையைத் திறந்தபோது நெல் நலிந்து கெட்டிருந்தது. கேழ்வரகு புகுந்தபோது இருந்தபடியே இருந்தது. இராமன் கேழ்வரகைப் பாராட்டி, இராகவன் என்னும் தன் பெயரையே அதற்குச் சூட்டினான். அதுவே ராகி ஆயிற்று என்று கனகதாசர் முடிக்கிறார். மொழிநூலார் அச்சொல்லின் வரலாற்றை வேறு வகையாகக் கூறுவர், அது நிற்க. ஓர் உணவுக்கு அரசன் வாயால் பட்டம் அளித்த கதை நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் பக்கத்தில் எழுந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது. சிறைத் தேர்வும் வெறும் கற்பனையன்று. கேழ்வரகை வண்டு எளிதில் தீண்டாது. நன்கு உலர்த்திக் குதிரிலோ குழியிலோ இட்டால் பல ஆண்டுகள் கெடாது நிற்கும். தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம், அந்நாளில் தருமபுரியை உட்கொண்டிருந்த சேலம் மாவட்டத்தையும் வாட்டிற்று. அத்தகைய காலங்களை எண்ணியே குடியானவர் வீட்டில் குதிர் இருந்தது.

காவியத்தில் வென்ற கேழ்வரகு உலகியலில் தோற்றது. நெற்சோறு விருந்தினருக்கும் விழாநாளுக்கும் உரிய உணவாகவும், களி வறுமையின் அடையாளமாகவும் ஆயின. சிறைக்குப் போவதையே களி தின்னப் போதல் என்று ஏளனமாகச் சொல்லும் வழக்கு நம் பேச்சில் இன்றும் இருக்கிறது. இந்நிலையில் நியாய விலைக் கடைகளில் அரிசி 2008ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011ஆம் ஆண்டு சூன் முதல் நாளிலிருந்து விலையின்றியும் கிடைத்தது. ஏழை வீட்டில் அடுப்பு அணையாதிருக்க அது பேருதவி புரிந்தது. அதனைக் குறைகூறுதல் அறமாகாது. ஆயினும் அதன் விளைவு ஒன்றை மறைத்தலும் ஆகாது. விலையில்லா அரிசி வீட்டில் இருக்கையில், கதிர் அறுத்து, அடித்து, புடைத்து, அரைத்து, தோள் நோகக் கிளறிக் களி உண்பார் குறைந்தனர். உண்பார் குறையவே விதைப்பாரும் குறைந்தனர். கேழ்வரகுக் காடுகள் பல வேறு பயிருக்கு மாறின.

அரசாங்க ஏடுகளிலும் இத்தானியங்களுக்கு நல்ல பெயர் இல்லை. சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, பனிவரகு, குதிரைவாலி யாவும் கரடான தானியங்கள் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயராலேயே நெடுங்காலம் குறிக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய அரசு தன் அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, இவற்றை ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அழைக்கச் செய்தது. அவ்வாண்டு தேசியச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடப்பட்டது. பின்பு இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021ஆம் ஆண்டு மார்ச்சில் தீர்மானம் நிறைவேற்றி, 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இராமன் சூட்டிய பட்டம் காவியத்தோடு நின்றது. இப்பட்டம் உலகமெங்கும் ஒலித்தது.

பட்டம் மட்டும் போதுமா என்பதை நம் அரசு மரத்தைக் கொண்டு அறியலாம். பனை 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மரமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னும் செங்கற் சூளைகளுக்காகப் பனைகள் வெட்டுண்டன. பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சித்தலைவரின் இசைவு பெறவேண்டும் என்னும் அறிவிப்பு, 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த முதல் வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில்தான் இடம்பெற்றது. இடையில் 43 ஆண்டுகள் கழிந்தன! இதற்கு மாறாக, தமிழ்த்தாய் வாழ்த்தின் வரலாறு நோக்கத்தக்கது. அது 1970ஆம் ஆண்டு முதல் அரசு விழாக்களில் பாடப்பட்டு, மக்கள் நாவில் ஊறிய பின், 2021ஆம் ஆண்டு திசம்பரில் மாநிலப் பாடல் என அறிவிக்கப்பட்டது. முதலில் வழக்கு, பின்னர்ப் பெயர். ஆதலின் அப்பெயர் நிலைத்து நிற்கிறது. உணவுக்கும் இம்முறையே ஏற்றது என்பது என் கருத்து. உண்பார் இல்லாத உணவுக்கு அரசு முத்திரை இட்டால், அது காட்சிச்சாலையில் வைத்த ஏர் போலாகும்.

இவ்வகையில் தருமபுரியில் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, தருமபுரி, நீலகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நியாய விலைக் கடைகளில் குடும்ப அட்டைதாரருக்கு அரிசியில் 2 கிலோவுக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாநிலம் முழுதுக்கும் ஒரே உணவு என்னாது, கேழ்வரகை அறிந்துண்ட நிலத்தில் கேழ்வரகைக் கொடுத்தது இத்திட்டத்தின் சிறப்பு. கருப்பொருள் வகுத்த பழையோரும் இதனையே செய்தனர். கடைக்குக் கொடுக்க வேண்டிய தானியத்தை 2022-23ஆம் பருவத்தில் உழவரிடமிருந்து குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் விலையில் அரசு நேரே வாங்கிற்று. தருமபுரி மாவட்டத்தில் அதற்கென நிலையங்கள் திறக்கப்பட்டன.

2 கிலோ என்பது சிறிய அளவே. நால்வர் உள்ள வீட்டில் சில வேளைக் களிக்குத்தான் அது காணும். என்றாலும் அதன் பயனை அளவால் மட்டும் மதிப்பிடுதல் கூடாது. வறியோர் உணவென்று ஒதுக்கப்பட்டது, அரிசி நிறுக்கும் அதே தராசில் அரிசிக்கு ஈடாக நிறுக்கப்பட்டது. நெல்லும் கேழ்வரகும் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு தீர்ப்பு எனலாம்.

விலையின் ஆற்றலையும் இங்குக் கருத வேண்டும். மத்திய அரசு கேழ்வரகுக்கு அறிவித்த குறைந்த அளவு ஆதரவு விலை 2017-18இல் குவிண்டாலுக்கு 1,900 ரூபாய். பெயர் மாற்றிய 2018ஆம் ஆண்டிலேயே அது 2,897 ரூபாயாக உயர்ந்தது. 2025-26ஆம் பருவத்துக்கு 4,886 ரூபாய் ஆயிற்று. ஆடி மாதத்தில் வரப்பில் நின்று, இவ்வாண்டு கேழ்வரகா, வேறு பயிரா என்று எண்ணும் உழவன் அரசிதழை நினைப்பதில்லை. தன் மூட்டையை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்றே நினைக்கிறான். அருகில் கொள்முதல் நிலையம் இல்லாவிடில், அறிவித்த விலை உயர்ந்ததாயினும் வணிகர் சொல்லும் விலைக்கே அவன் கொடுக்க நேரும்.

கேழ்வரகுக்கு இத்துணையேனும் வாய்த்தது. தருமபுரியின் மலைகளான சித்தேரியிலும் வத்தல்மலையிலும் மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைக்கின்றனர். முல்லை நிலத்து உணவென உரையாசிரியர் எழுதிய அதே சாமை அது. கேழ்வரகைப் போல அப்படியே அரைத்து உண்ண அது இடந்தராது. அதன் உமி கடினமானது. உரலில் நெடுநேரம் குற்றியோ, ஆலைக்குக் கொண்டுசென்றோ உமி நீக்கினால்தான் அரிசி கிடைக்கும். 2018ஆம் ஆண்டு அறிவிக்கையில் ஊட்டச்சத்துத் தானியம் என்ற பெயர் சாமைக்கும் கிடைத்தது. ஆனால் அப்பட்டியலில் உள்ளவற்றுள் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகிய மூன்றுக்கே மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26ஆம் ஆண்டு அறிவிப்பிலும் சாமைக்கு விலை குறிக்கப்படவில்லை.